திருப்பதிக்குக் களி சாப்பிடப் போனோம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என் குடும்பம் மொத்தமும் நகரியிலிருந்து பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய், மலைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து களியும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே ஊர் திரும்பியது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பயணத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது, எனக்கு மட்டும் தலையில் ஒரு கொட்டுதான் கிடைத்தது. அந்தக் கொட்டு நியாயமானதல்ல என்பதை இத்தனை வருஷம் கழித்தாவது எழுதிவைக்க வேண்டும்.

எல்லாம் சித்தியால் வந்தது. சித்தி என் அம்மாவின் தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். எங்களிடம் நாலு விசைத்தறிகள் இருந்தன. இரண்டை நைனா, அதாவது என் அப்பா, பார்த்துக்கொள்வார், இரண்டைச் சித்தி பார்த்துக்கொள்வாள். தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆனால் நாலில் எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று அடுப்படியில் இருந்தபடியே சித்தி சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட காது அவளுக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் தெருவில் அந்த வயதுக்காரிகள் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். மூன்று பேர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சித்தி தலையைக் குனிந்தபடி பஜ்ஜியும் கேசரியும் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். வந்தவர்கள் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்பவே மாட்டார்கள். மூன்றாவதாக வந்த வீட்டில் ஒரு அம்மாள், கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னாள். அதன்பிறகு ஒரு தெலுங்குப் பேப்பரை எடுத்து வாசித்துக் காட்டச் சொன்னாள். சித்தி நடந்தாள், வாசித்தாள். அவர்கள் போனதும் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்.

"இனிமே தட்டைத் தூக்கிக்கினு நான் வர மாட்டேன்க்கா. மூணு பேர் வந்தாங்க. மூணு பேரோட கால் கட்டை விரலுதான் எனக்குத் தெரியும். மூஞ்சி எப்படி இருந்திச்சின்னு சத்தியமா தெரியாது."

"நிமுந்து பாத்தா திமிரு புடிச்சவன்னு சொல்லுவாங்கடி."

"அதான் சொல்றேன். ஒரு எடத்துல குந்தி அவரும் துன்னட்டும், நானும் துன்றேன். துன்னும்போதுதான் ஒரு ஆளு எப்படின்னு தெரியும். அதுக்கு ஒத்துக்கினா வரச் சொல்லு. இல்லாட்டி எனக்குத் தறியே போதும்."

அம்மா ஒரு வாரம் அழுதாள். இந்தக் கிறுக்கு நிபந்தனைக்கெல்லாம் எவன் ஒத்துக்கொள்வான், இவள் கடைசிவரை தறி மேடையிலேயே நிற்கப்போகிறாள் என்று சாமி படத்திடம் முறையிட்டாள். ஒத்துக்கொள்ள ஒரு வீடு இருந்தது. சித்தூர்ப் பக்கம் கங்காதர நெல்லூரில், மாங்கூழ் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஒருவர். நூல் கொண்டுவந்து போடுகிற வியாபாரி சொன்ன இடம். நைனா நாலு நாள் போனில் பேசி ஒரு ஏற்பாடு செய்தார். திருப்பதியில் ஒரு மெஸ். பக்கத்துப் பக்கத்து மேசை. இரண்டு குடும்பமும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டியது. பிடித்திருந்தால் சாயந்திரம் போன் வரும். பிடிக்காவிட்டால் வராது. யாருக்கும் அவமானம் இல்லை, ஊருக்கும் தெரியாது, வயிறாவது நிறைந்திருக்கும் என்பது நைனாவின் கணக்கு. நாலாவது முறையும் போன் வராவிட்டால் இனி யாரையும் தேட வேண்டாம் என்று சித்தி சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு அந்தப் பயம்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எங்களிடம், அதாவது என்னிடமும் நாலு வயதுத் தம்பியிடமும், நல்ல ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறோம் என்று மட்டுமே சொன்னார்கள். என்னிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது கடைத்தெருவுக்கு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும் என்று வீட்டில் ஒரு கெட்ட பெயர் இருந்தது. நானோ என் வகுப்புத் தோழி திருப்பதியில் கோபி மஞ்சூரியன் சாப்பிட்டதாக ஒரு வருஷமாக அளந்துகொண்டிருந்ததை நினைத்து எச்சில் ஊறிக் கிடந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் திருப்பதி என்று சொல்ல முடியாது. சொன்னால் திரும்பி வரும்போது வீட்டுக்கு ஒரு லட்டு கொடுத்தாக வேண்டும். அதனால் நைனா, தோள்பட்டையில் பிடிப்பு, புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் எலும்பு என்றாலே புத்தூர்தான், ஒருவரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு தோள்பட்டைக்குக் குடும்பமே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகிறதே என்றும் யாரும் கேட்கவில்லை.

காலையில் அம்மா சித்தியை உட்காரவைத்து முகத்துக்கும் காலுக்கும் மஞ்சள் தேய்த்தாள். எனக்கும் பூசு என்று காலை நீட்டினேன். போடி அந்தாண்ட என்று தள்ளிவிட்டாள். எனக்கு ஒரு வெள்ளைப் பாவாடை. எங்கள் தறியில் ஓடிய துணியில், சிவப்புக் கரை வைத்துத் தைத்தது. வளர்கிற பிள்ளை என்று அம்மா நாலு விரல்கடை நீளமாகத் தைக்கச் சொல்லியிருந்ததால் நடந்தால் தரையைப் பெருக்கும். அதில் கறை பட்டால் தோலை உரித்துவிடுவதாக அம்மா சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். தம்பி மேசையை விட்டு எழுந்து போகாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டால் எனக்கு ஒரு ஐஸ்கிரீம், கோன் ஐஸ்கிரீம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எப்போதும் சித்திக்குத்தான். அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வருவாள். அன்றும் அப்படித்தான், ஆனால் வடமாலபேட்டை தாண்டியும் அவள் வாந்தி எடுக்கவில்லை.

மெஸ் ஒரு சின்ன சந்தில் இருந்தது. வாசலில் ஆட்கள் நின்று கையில் டோக்கனை வைத்துக்கொண்டு உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார்கள். நெய் வாசனையும் வறுத்த மிளகாய் வாசனையும் தெருவரைக்கும் வந்தது. உள்ளே கருங்கல் பதித்த மேசைகள், தலைக்கு மேல் சத்தமிடும் மின்விசிறிகள், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பரிமாறுகிறவர்கள். எங்களுக்கு ஒரு மேசை கிடைத்தது. அடுத்த மேசையில் ஒரு வயதான அம்மா, ஒரு அக்கா, ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே போட்டது மாதிரி மடிப்புக்கூடப் போகவில்லை.

எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. நைனா பஸ்ஸில் சீட்டுக் கிழிக்கும் கண்டக்டரிடமே குடும்பம் குட்டி எல்லாம் விசாரிப்பவர். அன்றைக்கு அடுத்த மேசையைப் பார்க்காமல் சுவரில் இருந்த விலைப் பலகையை மேலிருந்து கீழாக மூன்று தரம் படித்தார். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்து அம்மாளும் கூரையில் ஏதோ இருப்பது மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழை இலை போட்டார்கள். பருப்பு, கோங்கூரா என்கிற புளிச்சக்கீரை, கடலைச் சட்னி, பொடி என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியாக ஒருவர் ஆவி பறக்கும் பெரிய தட்டோடு வந்து, ராகி சங்கடி என்று சொல்லி, என் இலையில் ஒரு உருண்டையைப் போட்டார். குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியாத முகமா அது.

"நைனா, இது களி" என்றேன்.

"களிதாம்மா. துன்னு, இந்த ஊர்ல இதுக்குத்தான் பேரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாரத்தில் நாலு நாள் வீட்டில் கொடுக்கும்போது நான் ஓடி ஒளிகிற களி. அதைத் தின்பதற்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். கோபி மஞ்சூரியன் கேட்டேன். இங்கே அதெல்லாம் கிடையாது என்றார்கள். இதற்கு வெளியே இத்தனை பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறார்களே, இவர்கள் வீட்டில் யாருக்கும் களி கிண்டத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பிக்குக் களி என்றால் என்னைவிடப் பயம். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். இது எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். என் தம்பிக்கு மட்டும் புரியவில்லை. அவன் மெல்லுவான், அது மேல் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஊளையிடுவான். அம்மா, நைனா, சித்தி எல்லோரும் முயன்று தோற்றுப்போயிருந்தார்கள். ஆகவே அவன் இலையில் வெறும் அப்பளம். தன்னுடையதைத் தின்றான், என்னுடையதைப் பிடுங்கித் தின்றான், அம்மாவுடையதையும் தின்றான். இதற்கிடையில் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு மேசைக்கு அடியில் குளமாக்கினான்.

நான் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடும்போது செருப்பைக் கழற்றிவிடும் பழக்கம் அவளுக்கு. வெறுங்காலை அந்தத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, களியை ஒரு ஓரமாகக் கிள்ளியபடி, அடுத்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் சாப்பிடுகிற விதம் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி இருந்தது. முதுகு நிமிர்ந்திருக்கிறது. விரல் நுனியால் கொஞ்சம் எடுக்கிறார், வாயில் வைக்கிறார், கைக்குட்டையால் உதட்டைத் துடைக்கிறார். பரிமாறுகிறவர் வந்து, "சங்கடி இங்கொகடி வெய்யாலா?" என்று இன்னொரு உருண்டை வேண்டுமா எனக் கேட்டார். பக்கத்திலிருந்த அக்கா தொண்டையைக் கனைத்தாள். அவர் போதும் என்று கையை நீட்டி இலையை மறைத்தார். ஆனால் தட்டு போகிற பக்கமெல்லாம் அவர் கண்ணும் போயிற்று. சித்தி ஒரு பெருமூச்சு விட்டாள். கால் கட்டை விரலைப் பார்த்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் முகம் ஊரில் தட்டைத் தரையில் வைத்த அன்றைக்கு இருந்தது மாதிரி ஆகிவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள். அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அப்போது சித்தி குனிந்து தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். ஒழுங்காகச் சாப்பிடு என்று சொல்லியிருப்பாள் என நினைத்தேன். தம்பி தலையாட்டினான். நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, மேசைக்கு அடியில் புகுந்து, நேரே அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

என் கோன் ஐஸ்கிரீம் என் கண் முன்னால் போகிறது. சும்மா இருப்பேனா? நானும் குதித்து இறங்கினேன். ஒரு அடி வைத்தேன், இரண்டாவது அடி வைக்க முடியவில்லை. பாவாடை எதிலோ மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தால் ஓரத்தைச் சித்தி மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

"சித்தி, காலை எடு."

சித்தி குழம்பைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, பாவாடை. காலை எடு சித்தி, அவன் போறான் பாரு."

"சும்மா குந்து. களி ஆறிப்பூடும்" என்றாள், என்னைப் பார்க்காமலே. அடுப்படியிலிருந்து நூல் அறுவது கேட்கிற காதுக்கு, பக்கத்தில் நின்று நான் கத்துவது கேட்கவில்லை. சரி, மெஸ்ஸில் சத்தம் அதிகம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அதற்குள் தம்பி அந்த ஆளின் மடியில் ஏறிவிட்டான். ஏறி, அவர் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து இரண்டாக உடைத்து, பெரிய துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு சின்னதை அவரிடம் நீட்டினான்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்ட முடியாது, தெரியாதவர்கள் மாதிரி நடித்துக்கொண்டு பெண் பார்க்கிற இடம். அந்த அக்கா, சட்டை, சட்டை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அந்த ஆள் தம்பியைப் பார்த்தார். அப்பளத்துண்டைப் பார்த்தார். அதை வாங்கி வாயில் போட்டு மொறுமொறுவென்று கடித்தார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டார்.

"களி துன்ன மாட்டியா நீ?"

"ஒட்டிக்கும்" என்றான் தம்பி, வாயைத் திறந்து இடத்தையும் காட்டினான்.

"மென்னா ஒட்டிக்கும். நான் எப்படித் துன்றேன் பாரு. இங்க கை வெய்யி."

தம்பியின் கையை எடுத்துத் தன் தொண்டையின் மேல் வைத்துக்கொண்டார். நெல்லிக்காய் அளவு களியை உருட்டி, கட்டை விரலால் ஒரு குழி செய்து, குழம்பை நிரப்பி, அண்ணாந்து விழுங்கினார். தொண்டை மணி ஏறி இறங்கியது. தம்பி கண்ணை அகல விரித்தான். இன்னொரு தரம் என்றான். இன்னொரு தரம் விழுங்கினார். இரண்டு கையையும் வைத்துப் பார்த்தான். அவர் இலையில் அளைந்த குழம்புக் கை. புதுச் சட்டையின் காலரிலிருந்து மார்பு வரைக்கும் சிவப்பாக நாலைந்து கை பதிந்துவிட்டது. அந்த அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இருக்கட்டும்க்கா, தொவைச்சிக்கலாம் என்றார் அவர். தட்டோடு போனவரைக் கை தட்டிக் கூப்பிட்டு இரண்டு உருண்டை போடச் சொன்னார்.

சித்தி களியைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். வெட்கமே இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காலை மட்டும் எடுக்கவில்லை.

நைனா எவ்வளவு நேரம்தான் விலைப் பலகையைப் படிப்பார்? மரியாதைக்கு ஏதாவது பேசியாக வேண்டும். திரும்பி அந்த அம்மாளிடம், "தப்பா நெனைச்சிக்காதீங்கம்மா. நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"கங்காதர நெல்லூருங்க. நீங்க?"

"நாங்க நகரி."

"ஓ, நகரிங்களா."

"ஆமாங்க."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. நைனா பாவம், தவிப்பது எனக்குத் தெரிந்தது. உதவி செய்யலாம் என்று நினைத்தேன். சத்தியமாக உதவி செய்யத்தான் நினைத்தேன்.

"நைனா, நேத்து போன்ல கங்காதர நெல்லூர்ல இருந்து எத்தினி பேரு வர்றீங்கன்னு கேட்டுக்கினு இருந்தியே, அது இவங்களத்தானா?"

நைனாவின் முகம் கோங்கூரா நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் மறுபடியும் கூரையைப் பார்த்தார். அம்மா இலைக்குள் புகுந்துவிடுகிறவள் மாதிரி குனிந்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி, அந்த ஆள் கொடுத்த குட்டி உருண்டையை மெல்லாமல் லபக்கென்று விழுங்கிவிட்டு, தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்து, "போயிடுச்சி" என்று மெஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

சித்தி சிரித்துவிட்டாள். தறி ஓடும்போது சிரித்துப் பழகியவள், அவளுக்கு மெல்லச் சிரிக்கத் தெரியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் எது செய்தாலும் சிரிக்க மட்டும் செய்யாதே என்று அம்மா கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிற சிரிப்பு அது. வாசலில் டோக்கனோடு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மடியில் தம்பி குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு அந்த அம்மாள், அக்கா, நைனா எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

"உங்களுக்கும் இன்னொரு களி சொல்லட்டுங்களா?" என்று அவர் சித்தியிடம் கேட்டார்.

"சொல்லுங்க. ரெண்டா சொல்லுங்க" என்றாள் சித்தி.

அப்புறம் மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். யாரும் யாரையும் தெரியாதவர்களாக நடிக்கவில்லை. நானும் கோபத்தை மறந்து, தயிரில் பிசைந்து இரண்டு உருண்டை களி தின்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக் களி மாதிரியேதான் இருந்தது, ஆனால் அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்ததால் நிறைய உள்ளே போயிற்று.

கை கழுவுகிற இடத்தில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். உன்னை நம்பி ஒரு வேலை கொடுத்தேன் பார் என்று சொல்லி நறுக்கென்று ஒரு கொட்டு. சித்திதான் பாவாடையை மிதித்தாள் என்றேன். பெரியவர்கள் மேல் பழி போடுகிறாயா என்று இன்னொன்று கொடுக்க வந்தாள். சித்தி பக்கத்துக் குழாயில்தான் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அந்த ஆள் எங்கள் இரண்டு பேருக்கும் கோன் ஐஸ்கிரீம் வாங்கப் போனார். அம்மா ஓடிப்போய், பெரியவளுக்கு வேண்டாங்க, அவளுக்குச் சளி என்றாள். எனக்குச் சளியே இல்லை. மூக்கை உறிஞ்சிக் காட்டினேன், அது சளிக்குச் சாட்சியாகப் போய்விட்டது. மேசையை விட்டு எழுந்து போனவனுக்கு ஐஸ்கிரீம், போகாதவளுக்கு இல்லை. தம்பி பாதிக்குமேல் தின்ன முடியாமல் நீட்டியபோது மீதியை வாங்கித் தின்றது யார் தெரியுமா? சித்தி.

திரும்பி வரும் பஸ்ஸில் சித்தி ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள். அவள் யாருக்கும் கொடுக்காத இடம். கேட்காமலே கொடுத்தாள். எலுமிச்சம்பழத்தை மடியில் போட்டுக்கொண்டு, நகரி வரும்வரைக்கும் என் தலையில் கொட்டு விழுந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். தெரு முனையில் பக்கத்து வீட்டுக்காரர், கட்டுப் போட்டாச்சா, வலி எப்படி இருக்கிறது என்று நைனாவைக் கேட்டார். நைனாவுக்குத் தோள்பட்டை மறந்தே போயிருந்தது. அவசரத்தில் காலையில் சொன்னது வலதா இடதா என்று தெரியாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் பாவாடையைப் பார்த்துவிட்டாள். சிவப்புக் கரைக்கு மேலே மஞ்சளாக ஒரு கறை. குழம்பைக் கொட்டிக்கொண்டாயா என்று ஆரம்பித்தாள். குழம்பு இல்லை, குழம்பு சிவப்பு, இது மஞ்சள் என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்? சித்திதான் நடுவில் வந்தாள். வுடுக்கா, நான் தொவைச்சிடறேன் என்று பாவாடையை உருவிக்கொண்டு கொல்லைப் பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போனாள். தன் துணியையே அம்மா தலையில் கட்டுகிறவள் அவள். நான் பின்னாலேயே போய் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

தண்ணீரில் நனைத்து நீலச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று அவசரத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கறை குங்கும நிறமாகச் சிவந்து, பளிச்சென்று தெரிந்தது. ஒரு பாதத்தின் முன்பக்கம். வரிசையாக ஐந்து விரல்.

"சித்தி, இது யாரோட காலோ மாதிரி கீது" என்றேன்.

"உன் காலுதான். நீளப் பாவாடைய நீயே மிதிச்சிக்கினு இருந்திருப்ப" என்றாள். சொல்லிக்கொண்டே பஸ்ஸில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக் கல்லில் தட்டி உடைத்து, அந்த ஐந்து விரல் மேலும் பிழிந்து, மாங்கு மாங்கென்று தேய்க்க ஆரம்பித்தாள்.

உள்ளே போன் அடித்தது. நைனா வழக்கம்போல் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார். பிறகு கொல்லை வாசலுக்கு வந்து நின்றார். அவர் பின்னால் அம்மா, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

"அவங்களுக்கு ரொம்பச் சந்தோஷமாம். நீ இன்னாம்மா சொல்ற?"

சித்தி தலையை நிமிர்த்தவில்லை. "அந்தச் சட்டைக் கறைக்கு மொதல்ல எலுமிச்சம்பழம் போடச் சொல்லு மாமா. சுடுதண்ணியில போட்டுட்டா அப்புறம் போவாது" என்றாள்.

இது என்ன பதில் என்று நைனா விழித்தார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவரை முதுகில் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், போன் இன்னும் காத்திருந்தது.

சித்தி தேய்த்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக மங்கின. முதலில் சுண்டு விரல், பிறகு மற்றவை, கடைசியில் கட்டை விரலும் போய்விட்டது. அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் காலில் மஞ்சள் பூசியிருந்தது யார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. என்மேல் திட்டு விழக்கூடாது என்று எனக்காக இவ்வளவு பாடுபடுகிறாளே என்றுதான் தோன்றியது. பாசம் பொங்கிவிட்டது. பின்னாலிருந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நல்ல சித்தி என்று சொன்னேன்.